வெட்டாத மரத்திற்குக் கூலி

 



சில வாரங்களுக்கு முன் ஜும்ஆ முடிந்து எல்லோரும் முஸாபஹா செய்துகொண்டிருந்தபோது ஒரு இளைஞர் மட்டும் தூண் ஓரமாக ஒதுங்கி நின்றார். கூட்டம் கலைந்த பிறகு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். வளைகுடாவில் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறார், லீவில் வந்திருக்கிறார்.

“ஹஜ்ரத், எங்க கம்பெனி ஆப்பிரிக்காவுல ஒரு கிராமத்துக்குப் பணம் அனுப்புது. எதுக்குன்னா, அவங்க காட்டை வெட்டாம வச்சிருக்கறதுக்கு. கார்பன் கிரெடிட்னு பேரு. அந்தக் கணக்கை நான்தான் எழுதறேன். சரக்கு எதுவும் வர்றதில்ல. ஒரு காகிதம் வரும், அவ்வளவுதான். வெட்டாம இருக்கறதுக்குக் காசு. இது ஹலாலா?” என்று கேட்டார்.

எனக்கு உடனே பதில் வரவில்லை. மதரஸாவில் வியாபாரப் பாடம் ஓதியபோது, வானத்தில் பறக்கும் பறவையை விற்பது, பிடிக்காத மீனை விற்பது, மடியில் இருக்கும் பாலைக் கறக்காமல் விற்பது என்று பல மஸ்அலாக்களைப் படித்தோம். வெளியே விடப்படாத புகையை விற்பது பற்றி எந்த உஸ்தாதும் எங்களுக்குப் பாடம் நடத்தவில்லை. “அடுத்த ஜும்ஆ வரை டைம் கொடுங்க தம்பி” என்று சொல்லி அனுப்பினேன். உண்மையில் ஒரு மாதம் ஆகிவிட்டது.

பணம் போகும் கிராமம் எது என்று அவருக்கே தெரியவில்லை. நான் தேடிப் படித்ததில் விவரம் தெளிவாகக் கிடைத்த ஊர் காஸி. காஸா இல்லை, காஸி. கென்யா நாட்டின் தென்கரையில், மொம்பாசாவிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர் தெற்கே உள்ள மீன்பிடி ஊர். பக்கத்தில் மகோங்கேனி என்று இன்னொரு ஊர். மக்களில் பெரும்பாலோர் முஸ்லிம்கள். ஊரையொட்டிய கடல் வளைகுடா முழுக்க அலையாத்திக் காடு. அது எப்படியிருக்கும் என்று முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம், பிச்சாவரம் பக்கத்து மக்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. சேற்றில் கால் ஊன்றி, அலை ஏறினால் பாதி உடம்பு தண்ணீரில் நிற்கும் மரங்கள். இறாலும் நண்டும் மீன்குஞ்சும் அந்த வேர்களுக்குள்தான் வளர்கின்றன.

அந்தச் சேற்றுக்கு இன்னொரு தன்மையும் உண்டு. சாதாரண மண்ணில் விழுந்த இலை மக்கும்போது அதிலுள்ள கரி காற்றோடு கலந்துவிடும். அலையாத்திச் சேற்றில் பிராணவாயு இல்லாததால் இலையும் வேரும் எளிதில் மக்குவதில்லை. நூற்றாண்டுக் கணக்கில் அந்தக் கரி அடியிலேயே புதைந்து கிடக்கும். அதனால்தான் ஒரு ஏக்கர் அலையாத்தி, ஒரு ஏக்கர் மலைக்காட்டைவிடப் பல மடங்கு கரியைத் தனக்குள் வைத்திருக்கிறது. அதை வெட்டினால் மரம் மட்டும் போவதில்லை, சேற்றின் மூடியும் திறந்துவிடுகிறது.

இந்தக் கரையோரக் காடுகளுக்கும் அரபு நாடுகளுக்கும் ஒரு பழைய கணக்கு இருக்கிறது. வளைகுடாவில் எண்ணெய் கண்டுபிடிக்கப்படுவதற்கு முன், அங்கே வீடு கட்ட மரம் ஏது? கிழக்கு ஆப்பிரிக்கக் கரையிலிருந்து பாய்மரக் கப்பல்களில் அலையாத்திக் கம்புகள் போயின. பழைய குவைத், பஹ்ரைன் வீடுகளின் கூரைக்கு அவைதான் உத்திரம். கம்பு எவ்வளவு நீளமோ அவ்வளவுதான் அறையின் அகலம் என்று கட்டடக்கலை எழுதுகிறவர்கள் சொல்கிறார்கள். பல நூற்றாண்டுகள் நடந்த அந்த ஏற்றுமதியைக் கென்யா 1982இல்தான் தடை செய்தது. நம் பிள்ளைகள் வேலைக்குப் போகிற நாடுகளில் ஒரு காலத்தில் நிழல் கொடுத்தது அந்த மக்களின் காடு. இன்று அதே நாடுகளிலிருந்து அதே கரைக்குக் காசு போகிறது என்றால், கொஞ்சம் நின்று யோசிக்கத்தான் வேண்டும்.

காஸியில் 1970களில் செங்கல் சூளைக்கும் சுண்ணாம்புச் சூளைக்கும் விறகாக அலையாத்தி பெருமளவில் மொட்டையடிக்கப்பட்டது. கரை அரிக்க ஆரம்பித்தது, மீன்பாடு குறைந்தது. ரூம் அத்தியாயத்தின் 41ஆம் வசனத்தை நாம் எத்தனையோ முறை ஓதியிருக்கிறோம். தரையிலும் கடலிலும் சீர்கேடு வெளிப்பட்டதற்கு மனிதர்களின் கைகள் சம்பாதித்ததே காரணம் என்று அல்லாஹு தஆலா அதில் அறிவிக்கிறான். அது தரையா கடலா என்று பிரிக்க முடியாத ஓர் இடத்தில் நடந்ததைப் பாருங்கள். தரையில் சூளைக்கு நெருப்பு வைத்தார்கள், கடலில் மீன் போயிற்று.

1990களில் கென்யாவின் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தாரும் ஊர்மக்களும் சேர்ந்து மறுபடியும் கன்று நட்டார்கள். 2013இல் ‘மிகோகோ பமோஜா’ என்ற திட்டம் தொடங்கியது. ஸ்வாஹிலியில் மிகோகோ என்றால் அலையாத்தி, பமோஜா என்றால் சேர்ந்து. காடு அரசாங்கத்துடையது. அதில் 117 ஹெக்டேரைக் காக்கும் பொறுப்பை ஒப்பந்தத்தின் மூலம் ஊர்மக்கள் ஏற்றார்கள், 20 வருடத்திற்கு. காவல் சுற்றுகிறார்கள், ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் கன்று நடுகிறார்கள், மரங்களை அளந்து கணக்கு வைக்கிறார்கள். இதனால் ஆண்டுக்குச் சுமார் 3,000 டன் கரியமில வாயு காற்றில் சேராமல் தடுக்கப்படுகிறது என்று கணக்கிட்டு, அந்தக் கணக்கை வெளியார் சரிபார்த்து, ஸ்காட்லாந்தில் உள்ள ஒரு தர்ம அமைப்பின் வழியாக விற்கிறார்கள். ஆரம்ப வருடங்களில் ஆண்டுக்கு 12,000 டாலரை ஒட்டிய தொகை வந்தது. அது எந்தத் தனிமனிதரின் பைக்கும் போகவில்லை. ஊர் கூடி எதற்குச் செலவழிப்பது என்று முடிவு செய்தார்கள். குடிதண்ணீர் வந்தது, பள்ளிக்கூடத்திற்குப் புத்தகம் வந்தது. கடலில் கரியைப் புதைத்து வைத்திருக்கும் காட்டுக்காக இப்படிப் பணம் பெற்ற முதல் கிராமங்களில் அது ஒன்று. 2017இல் ஐக்கிய நாடுகள் சபையின் வளர்ச்சித் திட்டம் வழங்கும் பரிசும் கிடைத்தது.

இனி இளைஞரின் கேள்விக்கு வருவோம்.

அவர் கேள்வியில் ஒரு நியாயமான சந்தேகம் ஒளிந்திருக்கிறது. ஒருவன் உங்கள் வீட்டு வாசலில் வந்து நின்று, “நான் உங்கள் வீட்டில் திருடாமல் இருக்கிறேன், அதற்கு மாதம் ஆயிரம் ரூபாய் கொடுங்கள்” என்றால் நீங்கள் என்ன சொல்வீர்கள்? அது கூலி அல்ல, மிரட்டல். ஹராமை விட்டு விலகி இருப்பது அவன் மீது ஏற்கனவே கடமை. கடமைக்கு விலை கேட்க முடியாது. காட்டை அழிப்பது ஃபஸாத், பூமியில் சீர்கேடு. இந்தோனேசியாவின் உலமா கவுன்சில் 2023இல் வெளியிட்ட ஃபத்வாவில் காட்டை அழிப்பது, எரிப்பது போன்ற பருவநிலையைக் கெடுக்கும் செயல்கள் ஹராம் என்று சொல்லியிருக்கிறது. அப்படியென்றால், வெட்டாமல் இருப்பதற்கு வாங்கும் காசு திருடாமல் இருப்பதற்கு வாங்கும் காசுதானே?

நான் இரண்டு நாள் இந்த இடத்திலேயே நின்றுவிட்டேன். பிறகு ஒரு ஹதீஸ் ஞாபகத்திற்கு வந்தது. உங்களில் ஒருவர் கயிற்றை எடுத்துப்போய் முதுகில் விறகு சுமந்து வந்து விற்பது, மக்களிடம் கையேந்துவதைவிட மேலானது என்று நாயகம் (ஸல்) அவர்கள் கற்றுக்கொடுத்த செய்தி புகாரியில் இருக்கிறது. ஏழைக்கு மானத்தோடு வாழ வழி காட்டும்போது நபியவர்கள் கைகாட்டியது காட்டின் பக்கம்! தண்ணீர், புல், நெருப்பு மூன்றிலும் மக்கள் பங்காளிகள் என்ற ஹதீஸும் அபூதாவூதில் இருக்கிறது. எனவே ஏழை ஒருவன் தன் அடுப்புக்கு விறகும், தன் வீட்டுக்கு நாலு கம்பும் அளவோடு எடுப்பது திருட்டு அல்ல. அது அவன் பங்கு, முபாஹ்.

வித்தியாசம் இங்கேதான் இருக்கிறது. காஸியின் மீனவர் விட்டுக்கொடுப்பது ஹராமை அல்ல, தன் ஹலாலான பங்கை. உலகத்தின் நன்மைக்காக, தான் எடுக்கலாம் என்றிருந்ததை எடுக்காமல் விடுகிறார், அதோடு காவலும் காக்கிறார். தோட்டக் காவலாளியைப் பாருங்கள். அவரும் வெளிப்பார்வைக்கு ‘ஒன்றும் செய்யாமல்’ உட்கார்ந்துதான் இருக்கிறார். அவருடைய கூலி ஹலால் என்பதில் யாருக்கும் சந்தேகம் வந்ததில்லை. என் சிறிய அறிவுக்கு எட்டிய வரை, இங்கே விற்கப்படுவது காற்றும் அல்ல, மரமும் அல்ல. காவலுக்கும் உழைப்புக்கும் கொடுக்கப்படும் கூலி அது. என்ன வேலை, எவ்வளவு காலம், எவ்வளவு தொகை என்பது தெளிவாக இருந்தால் ஆகுமானது. இதைவிட ஆழமாகப் பெரிய முஃப்திகள் சொல்வார்கள், அவர்கள் போடும் நிபந்தனைகளுக்கு நான் கட்டுப்படுகிறேன்.

ஆனால் அதே காசை, லாபத்திற்காக ஆயிரக்கணக்கான ஏக்கரைக் கொளுத்தும் ஒரு கம்பெனி “நான் இந்த வருடம் கொளுத்தவில்லை, கொடு” என்று வாங்கினால்? அது வாசலில் வந்து நின்றவனின் ஆயிரம் ரூபாய்தான்.

அடுத்தது நிய்யத். “காசுக்காகக் காத்தால் நன்மை உண்டா, ஹஜ்ரத்?” என்று நீங்கள் கேட்கலாம். முஸ்லிம் நட்ட மரத்திலிருந்து ஒரு பறவை தின்றாலும் அது அவருக்கு ஸதகா என்று ஹதீஸ் வந்திருக்கிறதே, கூலி வாங்கிக்கொண்டு நட்டால் அந்த ஸதகா போய்விடுமா? இந்தக் கேள்விக்கு மற்றவர்களைவிட நான் ஜாக்கிரதையாகப் பதில் சொல்ல வேண்டும். ஏனென்றால் நான் மாதச் சம்பளம் வாங்கும் இமாம். ஆரம்ப கால ஹனஃபி இமாம்கள் தொழவைப்பதற்கும் குர்ஆன் ஓதிக்கொடுப்பதற்கும் கூலி வாங்கக் கூடாது என்றே சொன்னார்கள். பின்னால் வந்த உலமாக்கள், சம்பளம் இல்லையென்றால் பள்ளிவாசல்கள் இமாம் இல்லாமல் போய்விடும், தீன் வீணாகிவிடும் என்று பயந்து அனுமதித்தார்கள். ஐந்து வேளையும் ஓரிடத்தில் கட்டுண்டு கிடப்பவனின் குடும்பம் சாப்பிட வேண்டுமே என்ற இரக்கம் அதில் இருக்கிறது. எனக்குக் கிடைத்த அந்த இரக்கத்தைக் காஸி மக்களுக்கு நான் மறுக்க முடியுமா? சேற்றில் நடந்து காவல் காக்கிறவரின் பிள்ளைக்கும் புத்தகம் வேண்டும்.

இன்னொரு விஷயத்தையும் பார்க்க வேண்டும். பாதுகாக்கப்பட்ட நிலம் என்பதற்கு ‘ஹிமா’ என்று பெயர். ஜாஹிலிய்யா காலத்தில் ஒரு கோத்திரத் தலைவன் செழிப்பான நிலத்தைக் கண்டால், மேட்டில் ஏறி ஒரு நாயைக் குரைக்க வைப்பானாம். குரைக்கும் சத்தம் நாலாபக்கமும் எவ்வளவு தூரம் கேட்கிறதோ அவ்வளவும் அவனுடைய ஹிமா. வெளியே உள்ள பொது மேய்ச்சலிலும் அவனுக்குப் பங்கு உண்டு, உள்ளே மட்டும் வேறு யாரும் வரக் கூடாது. ஹதீஸ் விரிவுரைகளில் இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களின் வாயிலாக இந்தச் செய்தி வருகிறது. அல்லாஹ்வுக்கும் அவன் தூதருக்கும் அன்றி ஹிமா இல்லை என்று நபியவர்கள் அறிவித்து அந்த வழக்கத்தை ஒழித்தார்கள். நிலத்தைப் பாதுகாப்பதை ஒழிக்கவில்லை. தனக்காகப் பாதுகாப்பதை ஒழித்தார்கள்.

ஹழ்ரத் உமர் (ரலி) அவர்கள் தம் ஆட்சியில் ஹிமாவுக்குப் பொறுப்பாக ஹுனைய் என்பவரை நியமித்தபோது சொன்ன அறிவுரை புகாரியில் இருக்கிறது. மக்களிடம் பணிவாக நடந்துகொள், அநீதி இழைக்கப்பட்டவனின் துஆவுக்குப் பயந்துகொள் என்றார்கள். சிறிய ஆட்டு மந்தைக்காரனையும் சில ஒட்டகங்கள் மட்டும் வைத்திருப்பவனையும் உள்ளே விடு, இப்னு அவ்ஃபின் கால்நடையையும் இப்னு அஃப்பானின் கால்நடையையும் விடாதே என்றார்கள். யார் அவர்கள்? சொர்க்கத்தைக் கொண்டு நன்மாராயம் சொல்லப்பட்ட பத்துப் பேரில் இருவர்! காரணமும் சொன்னார்கள். அவர்களுடைய கால்நடை செத்தாலும் பேரீச்சந் தோப்பும் வயலும் இருக்கிறது. ஏழையின் கால்நடை செத்தால் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு என் வாசலுக்கு வந்துவிடுவான், அவனை நான் கைவிட முடியுமா? தங்கமும் வெள்ளியும் கொடுப்பதைவிடப் புல்லும் தண்ணீரும் கொடுப்பது எனக்கு எளிது என்றார்கள். அதோடு நிறுத்தவில்லை. அந்த மக்கள் நான் அவர்களுக்கு அநியாயம் செய்துவிட்டதாக நினைக்கிறார்கள், அது அவர்களுடைய ஊர், அதற்காக ஜாஹிலிய்யாவிலும் சண்டையிட்டிருக்கிறார்கள் என்று ஒப்புக்கொள்கிறார்கள். முஸ்லிம்களின் பெரிய தேவைக்காக நிலத்தை ஒதுக்கிய ஆட்சியாளர், ஒதுக்கியது சிலருக்கு வலிக்கிறது என்பதை மறைக்கவில்லை.

காட்டைக் காக்கும் எந்தத் திட்டத்தையும் நான் இந்த அளவுகோலால்தான் அளப்பேன். விறகுக்கு வந்த பெண்ணை வெளியே நிறுத்திவிட்டுக் காட்டை வைத்திருக்கிறார்களா, அல்லது அவள் அடுப்புக்கு வேறு வழி செய்தார்களா? காஸியில் ஊருக்குப் பக்கத்தில் சவுக்கு நட்டார்கள், கம்புக்கும் விறகுக்கும். நம் கிழக்குக் கரை முழுக்க நாம் பார்க்கும் அதே சவுக்கு. அது சின்ன விஷயமாகத் தெரியலாம். ஹுனைய்க்கு உமர் (ரலி) சொன்னதைக் கேட்டவர்களுக்கு அது சின்ன விஷயம் இல்லை. மறுபக்கம், 2023இல் துபாயைச் சேர்ந்த ஒரு நிறுவனம் லைபீரியா நாட்டு நிலப்பரப்பில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு அளவுக்குக் காடுகளின் கார்பன் உரிமையைப் பெற ஒப்பந்தம் பேசியதாகச் செய்திகள் வந்தன. அதைப் படித்தபோது எனக்கு நாய் குரைக்கும் சத்தம் கேட்டது.

இதுவரை பேசியது வாங்குகிறவர்களைப் பற்றி. உண்மையில் இளைஞரின் கேள்வி கொடுக்கிறவர்களைப் பற்றியது. அதில்தான் எனக்குக் கவலை அதிகம்.

கணக்கைப் பாருங்கள். ஒரு கென்யா நாட்டவரின் பங்குக்கு ஆண்டுக்கு அரை டன்னுக்கும் குறைவான கரியமில வாயுதான். ஒரு அமெரிக்கருக்கு 14, 15 டன் அளவில். கத்தார், குவைத், அமீரகம் போன்ற நம் வளைகுடா நாடுகளில் தலைக்கு அதைவிடவும் அதிகம். காஸி மக்கள் ஒரு வருடம் முழுக்கக் காத்து மிச்சப்படுத்தும் 3,000 டன், சுமார் 200 அமெரிக்கர்கள் ஒரு வருடத்தில் விடும் புகைக்குச் சமம். இரண்டு கிராமம், 117 ஹெக்டேர், அத்தனை உழைப்பு. அந்தப் பக்கம் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பு.

நோன்பில் நமக்கு ஃபித்யா இருக்கிறது. தள்ளாத முதியவர், குணமாகும் நம்பிக்கை இல்லாத நோயாளி நோன்புக்குப் பதிலாக ஒரு ஏழைக்கு உணவளிக்கலாம். அல்பகரா அத்தியாயம் 184ஆம் வசனம் இதற்கு ஆதாரம். இப்போது ஒரு பணக்காரர், நல்ல ஆரோக்கியமாக இருப்பவர், “முப்பது நாளுக்கும் ஃபித்யா கொடுத்துவிட்டேன்” என்று சொல்லிவிட்டு ரமளான் பகலில் பிரியாணி சாப்பிட்டால்? அவர் கொடுத்த உணவால் ஏழையின் வயிறு நிறையும். அது ஸதகா. ஆனால் நோன்பு அவர் கழுத்திலேயே இருக்கிறது. ஹனஃபி கிதாபுகளில் இன்னும் ஒரு படி மேலே போய், ஃபித்யா கொடுத்த நோயாளி பின்னால் குணமாகிவிட்டால் அந்த ஃபித்யா செல்லாது, நோன்பைக் களா செய்ய வேண்டும் என்று எழுதியிருக்கிறார்கள். கம்பெனி தன்னால் இன்று குறைக்கவே முடியாத புகைக்கு ஈடாகக் காஸிக்குப் பணம் கொடுத்தால், அதை நான் ஃபித்யா மாதிரி புரிந்துகொள்கிறேன். குறைக்க முடிந்தும் குறைக்காமல், அதே காகிதத்தைக் காட்டி “நாங்கள் சுத்தம்” என்று விளம்பரம் செய்தால், அது அந்தப் பிரியாணிக்காரரின் ஃபித்யா.

தவ்பாவின் நிபந்தனைகளை இமாம் நவவி (ரஹ்) அவர்கள் சொல்வதும் இதுதான். பாவத்தை விட வேண்டும், வருந்த வேண்டும், திரும்பச் செய்வதில்லை என்று உறுதிகொள்ள வேண்டும். மனிதர்களின் உரிமை சம்பந்தப்பட்டதாக இருந்தால் அதைத் திருப்பிக் கொடுக்கவும் வேண்டும். கார்பன் காகிதம் அதிகபட்சம் நான்காவதைத்தான் செய்கிறது. முதலாவது நிபந்தனை வெறும் இடமாகக் கிடக்கிறது.

கப்பல் ஹதீஸ் உங்களுக்குத் தெரியும். நுஃமான் இப்னு பஷீர் (ரலி) அறிவிக்க புகாரியில் வருகிறது. மேல்தளத்தில் சிலர், கீழ்த்தளத்தில் சிலர். கீழே இருப்பவர்கள் தண்ணீருக்காக மேலே போய் அவர்களைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று தங்கள் பங்கிலேயே ஓட்டை போட நினைக்கிறார்கள். தடுக்காவிட்டால் எல்லோரும் மூழ்குவார்கள், தடுத்தால் எல்லோரும் பிழைப்பார்கள். எத்தனையோ பயான்களில் இதைச் சொல்லியிருக்கிறேன். எப்போதும் கீழ்த்தளத்துக்காரர்களைத்தான் முட்டாள்களாகக் காட்டியிருக்கிறேன். இந்த மாதம்தான் நினைத்துப் பார்த்தேன். பருவநிலை விஷயத்தில் ஓட்டை போடுவது மேல்தளத்தில் இருப்பவர்கள். கீழே இருப்பவன் கையில் ஒரு சின்ன ஆணி இருக்கிறது. அவனிடம், “இந்தா காசு, ஆணியைக் கீழே போடு” என்று சொல்லிவிட்டு, மேலே நம் கோடரி வேலையை நாம் தொடர்கிறோம். தண்ணீர் முதலில் ஏறுவதும் கீழ்த்தளத்தில்தான். காஸி மக்களின் கிணற்றுக்கும் கரைக்கும்தான் கடல் முதலில் வரும்.

இன்னொரு ஊர் அனுபவத்தையும் சொல்ல வேண்டும். காஸிக்குத் தெற்கே ஸான்ஸிபார் தீவுகள் இருக்கின்றன. ஏறத்தாழ முழுக்க முஸ்லிம்கள். 2010இல் நார்வே அரசின் நிதியுதவியோடு அங்கே பல கிராமங்கள் சேர்ந்து தங்கள் காடுகளுக்கு எல்லை வகுத்து, எங்கே வெட்டலாம், எங்கே வெட்டக் கூடாது என்று விதி எழுதின. திட்டத்தின் சுருக்கப் பெயர் என்ன தெரியுமா? ஹிமா! ஸ்வாஹிலியில் அந்த எழுத்துகளுக்கு வேறு விரிவாக்கம் இருந்தாலும், கேட்கும்போது மனம் மதீனாவுக்குத்தான் போகிறது. கார்பன் விற்று வருமானம் வரும் என்று மக்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது. திட்டக் காலம் முடிந்தது, எதிர்பார்த்த வருமானம் வந்து சேரவில்லை. விறகு வெட்டிப் பிழைத்தவர்கள் விட்டுக்கொடுத்தது விட்டுக்கொடுத்ததுதான்.

வாக்குக் கொடுத்து ஏழையின் கூலியைக் கொடுக்காமல் விடுவது எவ்வளவு பெரிய குற்றம் என்று நமக்குத் தெரியும். வேலை வாங்கிவிட்டுக் கூலி கொடுக்காதவனுக்கு எதிராக மறுமையில் தானே வழக்காடுவதாக அல்லாஹ் அறிவித்திருக்கும் ஹதீஸ் குத்ஸி அதற்குப் போதும். ஆகவே பெரிய நாடுகளும் பெரிய அமைப்புகளும் ஒரு ஏழைக் கிராமத்தில் போய் உட்கார்ந்து பேசும்போது, பேச்சு வாக்குறுதியாக மாறும் இடத்தைக் கவனமாகப் பார்க்க வேண்டும்.

அதே சமயம் என்னை உறுத்தும் ஒரு கேள்வி இருக்கிறது. சம்பளம் நின்றுபோன காவலாளி காட்டை விட்டுவிடலாமா? என் நிர்வாகம் மூன்று மாதம் சம்பளம் தரவில்லை என்றால் நான் பாங்கு சத்தம் கேட்டும் வீட்டில் படுத்துக்கொள்வேனா? தொழவைக்கும் பொறுப்பை வேண்டுமானால் விடலாம், தொழுகையை விட முடியாது. கையில் ஒரு கன்று இருக்கும்போது கியாமத் வந்துவிட்டாலும், முடிந்தால் அதை நட்டுவிடச் சொன்ன நபிமொழி முஸ்னது அஹ்மதில் இருக்கிறது. கியாமத் அன்று அந்தக் கன்றை யார் அளப்பார்? யார் வாங்குவார்? அதன் நிழலில் யார் உட்காருவார்? ஆனால் இந்த ஹதீஸைக் கூலி கிடைக்காத ஸான்ஸிபார் விறகுவெட்டிக்கு ஓதிக்காட்ட எனக்கு நா எழவில்லை. சம்பளம் நிற்காத எனக்கும், புகையை நிறுத்தாத நமக்கும் ஓதிக்காட்டத்தான் அது பொருத்தமாகப் படுகிறது.

அந்த இளைஞர் ஊருக்குத் திரும்புவதற்கு இரண்டு நாள் முன்பு மறுபடி வந்தார். சொன்னேன்: “தம்பி, அந்தக் கிராமத்தார் வாங்கறது அவங்களுக்கு ஹலால். நீங்க கணக்கெழுதறதும் ஆகும். ஆனா ரெண்டு விஷயம் விசாரிங்க. கம்பெனி தன் சொந்தப் புகையைக் குறைக்குதா, இல்ல இந்தக் காகிதத்தை வாங்கிட்டு அப்படியே இருக்கா? அனுப்புற காசுல எவ்வளவு அந்த ஊருக்குப் போய்ச் சேருது, எவ்வளவு நடுவுல நிக்குது? நீங்க எழுதற கணக்கு ஒரு வகையில சாட்சி. பொய்ச் சாட்சியாகிடக் கூடாது.”

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். “ஹஜ்ரத், இதைக் கேட்டா வேலைக்கே வம்பா வந்துடும்” என்றார். வீட்டில் தங்கை நிக்காஹ் இருக்கிறது என்றும் சொன்னார். நான் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை. கேட்கிற விதத்தில் கேளுங்கள் என்றேன்.

போன வாரம் போன் செய்தார். மேலதிகாரியிடம் கேட்டிருக்கிறார். புகைக் கணக்கு வேறு டிபார்ட்மென்ட், உனக்குத் தேவையில்லை என்று சொல்லிவிட்டார்களாம். கிராமத்தின் பெயரை மட்டும் கொடுத்திருக்கிறார்கள். அதை எனக்கு மெசேஜில் அனுப்பி, “நான் இவ்வளவு நாள் பேர் தெரியாமலே காசு அனுப்பிட்டிருந்தேன், துஆவுல சேர்த்துக்கோங்க” என்று எழுதியிருந்தார். சேர்த்துக்கொண்டேன்.

யா அல்லாஹ்! அந்த ஊராரின் உழைப்பை ஏற்றுக்கொள்வாயாக, அவர்களுக்குச் சேர வேண்டியதைச் சேர்ப்பாயாக, அந்த இளைஞரின் கேள்விக்குக் கூலி தருவாயாக! ஆமீன்.